இடி வந்தால் தூங்கிவிடும் பெட்டி

மின்னலால் வயிறு வளர்த்தவன் நான். புந்தோங்கில் என் கடைக்கு வெளியே தொங்கும் பலகையில் ஆம்பிளிஃபையர், ஒலிபெருக்கி, ஆட்டோகேட், மோடம் எல்லாம் பழுது பார்க்கப்படும் என்று எழுதியிருக்கிறது. உண்மையில் கடையை நடத்துவது ஈப்போவின் சாயங்கால இடிமழைதான். மழை விட்ட மறுநாள் காலையில் நான் ஷட்டரைத் தூக்குமுன்பே யாராவது கையில் கருகிய போர்டோடு நிற்பார்கள். ஆட்டோகேட் தானாகத் திறக்கவில்லை, கார் உள்ளேயே மாட்டிக்கொண்டது, சுவரேறிக் குதித்து வந்தேன் என்று புலம்புவார்கள். நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு போர்டை வாங்கி வைப்பேன். போகும்போது எல்லாருக்கும் ஒரே உபதேசம்: "இடி இடிச்சா மொதல்ல பிளக்கப் புடுங்கி வைங்க." பில்லிலும் அதையே முத்திரையாகக் குத்தி வைத்திருக்கிறேன். எல்லாரும் அதைக் கேட்டு நடந்தால் நம் பிழைப்பு என்னாவது என்று என் மனைவி கேட்பாள். நம் ஆட்கள் எந்தக் காலத்தில் பில்லைப் படித்திருக்கிறார்கள் என்பேன்.

ஒரு பெண்மணி வந்ததும் அப்படியொரு மழைக்கு மறுநாள்தான். துடோங் முக்காடு அணிந்த மலாய்க்காரர், சேறு அப்பிய ஷூ, கையில் சோற்று டப்பா அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி. ஆட்டோகேட் போர்டுதான் என்று நினைத்துத் திறந்தேன். இல்லை. இப்படியொரு போர்டை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அவர் மலாயில் பேசினார். தமக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லான 'அண்ணே'யை நடுநடுவே போட்டுக்கொண்டார். பல்கலைக்கழகத்தில் வானிலை ஆராய்ச்சி செய்கிறாராம். இது மின்னலைக் கேட்கும் பெட்டியாம்.

"மின்னலைப் பார்க்கத்தானே முடியும், புவான்" என்றேன். மலாய்ப் பெண்மணிகளை மரியாதையாகப் புவான் என்றுதான் கூப்பிடுவோம்.

"பழைய ரேடியோவில் தூரத்து மின்னலுக்கெல்லாம் கரகரவென்று சத்தம் வருமே, கேட்டதில்லையா?" என்றார்.

கேட்டிருக்கிறேன். பாட்டைக் கெடுக்கும் அந்தக் கரகரப்பைத் திட்டியும் இருக்கிறேன். அந்தக் கரகரப்புதான் தமக்கு வேண்டும் என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒவ்வொரு மின்னலும் ஒரு ரேடியோத் துடிப்பை வெளியே விடுகிறதாம். கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத தூரத்தில் இருந்தாலும் பெட்டிக்கு அது கேட்டுவிடும். எந்த ஊர்ப் பெட்டிக்கு முதலில் கேட்டது, எதற்குப் பிந்திக் கேட்டது என்று பார்த்தால் மின்னல் விழுந்த இடத்தைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடலாம். ஒரு பெட்டி மட்டும் கேட்டுப் பயனில்லை, சுற்றிலும் நாலைந்தாவது கேட்க வேண்டும். முன்பு இந்த நாட்டில் அப்படி ஒரு வரிசை ஓடிக்கொண்டிருந்ததாம். நடத்தியவர் ஓய்வு பெற்றார், மையத்துக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது, கூரைகளில் இருந்த பெட்டிகள் ஒவ்வொன்றாக ஊமையாகிவிட்டன. இப்போது புவான் அவற்றைத் தேடிப் பிடித்துத் திரும்ப உயிர் கொடுக்கக் கிளம்பியிருக்கிறார். வரும் தகவலையெல்லாம் உடனுக்குடன் இணையத்தில் திறந்து வைக்கப் போகிறார். வானிலை படிக்கிறவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் எடுத்துக்கொள்ளலாம்.

"இவ்வளவு பாடுபட்டு எடுத்து சும்மா கொடுப்பீர்களா?" என்று கேட்டேன். வியாபாரி புத்தி.

"பூட்டி வைக்க மின்னல் என்ன என் சொத்தா, அண்ணே?" என்றார்.

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துப்போனது. பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். மின்னலைக் கேட்க வைத்த பெட்டி மின்னல் பட்டே செத்திருந்தது. ஆன்டெனாக் கம்பி உள்ளே நுழையும் இடம் கரிக்கட்டை. என் கடையில் ஆட்டோகேட்டுக்குப் போடும் மின்னல் தடுப்புச் சாமானையே அதற்கும் போட்டுச் சரிசெய்தேன். பச்சை விளக்கு எரிந்ததும் புவான் பெஞ்சு மேல் கை வைத்துக் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அவர் கொண்டுவரும் பெட்டிகளுக்கு நான்தான் வைத்தியர். ஒரு நாள் தம் போனில் வரைபடத்தைக் காட்டினார். பேராக் மாநிலம் முழுக்க அங்கங்கே புள்ளிகள் முளைத்து மறைந்துகொண்டிருந்தன. சுங்கை சிப்புட் பக்கம் மட்டும் துடைத்து வைத்தது போல வெறுமை.

"அங்கே மின்னலே கிடையாதா?" என்றேன்.

"அங்கே காது கிடையாது" என்றார். முன்பு பெட்டி வைத்திருந்த இடத்தைக் காலி செய்துவிட்டார்களாம். இரண்டு பக்கமும் மலை என்பதால் அந்தப் பள்ளத்தாக்குக்குள்ளேயே ஒரு வீடு வேண்டும். திறந்த வானம் வேண்டும், பக்கத்தில் தொழிற்சாலை மோட்டார் எதுவும் இருக்கக் கூடாது, வீட்டில் உள்ளவர்கள் பெட்டியை நோண்டக் கூடாது.

"எங்க அக்கா வீடு இருக்கிறது" என்று உடனே சொல்லிவிட்டேன்.

அதில் என் சுயநலமும் இருந்தது. அக்கா இருப்பது சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில். பால் மரமெல்லாம் போய் இப்போது எண்ணெய்க்குப் பயிரிடும் செம்பனை நிற்கிறது. மச்சான், அதாவது அக்காவின் கணவர், அங்கே குலை வெட்டுகிறார். செம்பனை உயர்ந்துவிட்டால் கையால் எட்ட முடியாது. நீளமான அலுமினியக் கம்பின் நுனியில் வளைந்த அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்துக்கொண்டே இழுக்க வேண்டும். வெட்டவெளியில் அலுமினியக் கம்பை வானத்தை நோக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது எப்படிப்பட்ட வேலை என்று கருகிய போர்டுகளிலேயே புழங்குகிற எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதற்குச் சில மாதங்களுக்கு முன்தான் மச்சானோடு வேலை செய்த வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவர் மீது மின்னல் பாய்ந்திருந்தது. தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்ததாம். மலைக்குப் பின்னால் இருந்து வந்திருக்கிறது. ஆள் பிழைத்துக்கொண்டார், ஆனால் உள்ளங்கை வெந்து, காது போய், தம் நாட்டுக்கே திரும்பிவிட்டார். மச்சான் மறுநாளும் அதே கம்பைத் தூக்கிக்கொண்டு, விடியற்காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போனார். வேறு என்ன செய்வார்.

புவானிடம் இதைச் சொன்னேன். அந்தப் பள்ளத்தாக்கில் பெட்டி ஒழுங்காக ஓடினால், மின்னல் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும்போதே போனுக்கு எச்சரிக்கை அனுப்ப முடியுமா என்று தம் மாணவர்களை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம் என்றார். தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் மச்சானே போய்ப் பேசினார். போனில் செய்தி வந்தால் எல்லாரும் கம்பைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம், வராவிட்டால் வழக்கம் போல மழை விழும்வரை வேலை என்று மண்டோர் ஒத்துக்கொண்டார். எல்லாம் பெட்டியைப் பொறுத்தது.

அக்கா வீட்டில் பெட்டியை மாட்டிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பின்வாசல் பக்கம் ஆன்டெனாவை நட்டு, கம்பியை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து, டிவிக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்து, இணையத்தையும் இணைத்துக் கொடுத்தேன்.

"என்ன தம்பி இது?" என்றாள் அக்கா.

"யூனிவர்சிட்டி சாமான்க்கா. இடிய ஒட்டுக் கேக்கும். வெல ஜாஸ்தி, கைக்குக் கெடைக்காது. பத்திரமா பாத்துக்க."

"போலே லா, செஞ்சிறலாம். அதெல்லாம் நான் பாத்துக்கிறேன். நீ சாப்ட்டுப் போ" என்றாள்.

முதல் சில நாட்கள் நன்றாகப் போயிற்று. வரைபடத்தில் சுங்கை சிப்புட்டுக்குப் பச்சைக் குறி வந்தது. சுமத்ராவில் மேடான் நகரத்து ஆராய்ச்சியாளர் ஒருவர், விடியற்காலையில் கடலைத் தாண்டி இங்கே வரும் புயல்மழையை இப்போது கரை வரைக்கும் தொடர்ந்து பார்க்க முடிகிறது என்று புவானுக்கு எழுதியிருந்தார். புவான் அதை எனக்கு அனுப்பினார். யாரோ முகம் தெரியாத ஆள் என் சால்டரிங்கை நம்பி மழையைப் படிக்கிறார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் குடியிருக்கும் குனோங் ராபாட்டில் எங்கள் தெருக்காரர்கள் எல்லாரிடமும் அந்தக் கடிதத்தைக் காட்டினேன். அவர்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுத் தங்கள் கேட் ரிமோட்டைப் பற்றிக் கேட்டார்கள்.

பிறகுதான் வினை ஆரம்பித்தது. "அண்ணே, சுங்கை சிப்புட் பெட்டிக்கு என்னவோ ஆகிறது" என்றார் புவான். வானம் நன்றாக இருந்தால் பெட்டி ஓடுகிறது. தூரத்து மின்னல்களை அழகாகக் கேட்கிறது. மழை பக்கத்தில் வந்ததும் பட்டென்று செத்துவிடுகிறது. மழை விட்ட பிறகு தானாக உயிர் பெறுகிறது. ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும். வெயில் நாளில் மட்டும் வேலைக்கு வரும் மின்னல் பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் கை வைத்த சாமான் அப்படிச் செய்யலாமா? வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பவர் சப்ளையை மாற்றினேன். சரியாகவில்லை. எர்த் கம்பியை இன்னும் ஆழமாக அடித்து இறக்கினேன். சரியாகவில்லை. அக்காவுக்குப் போன் போட்டு, "மழ நேரத்துல கரண்டு போகுதாக்கா?" என்று கேட்டேன்.

"இடி வந்தா கரண்டு எங்கடா இருக்கு?" என்றாள் அக்கா.

அடிக்கடி கரண்டு போகிறது போலிருக்கிறது என்று நானாக முடிவு கட்டி, கம்ப்யூட்டருக்கு வைக்கும் பேட்டரிப் பெட்டி ஒன்றை வாங்கி இடையில் மாட்டினேன். அடுத்த மழையிலும் பெட்டி செத்தது. நான் கடையில் உட்கார்ந்துகொண்டு என் படிப்பையும் தொழிலையும் தேவையில்லாமல் அந்தச் சீனத்து மோடத்தையும் திட்டினேன்.

புவான் கோபக்காரர் இல்லை. தயங்கித் தயங்கித்தான் சொன்னார். கையில் இருப்பது கொஞ்சம் பெட்டிகள்தான், கடற்கரைப் பக்கம் ஒரு மீனவர் குடியிருப்பில் இடம் கிடைத்திருக்கிறது, இந்த மழைக்காலம் முடிவதற்குள் சுங்கை சிப்புட் பெட்டி சரியாகாவிட்டால் அதைக் கழற்றி அங்கே கொண்டுபோக வேண்டியிருக்கும். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மீனவர்களும் வெட்டவெளியில் நிற்கிறவர்கள்தானே. ஆனால் பெட்டி போனால் எச்சரிக்கை போயிற்று, மச்சான் எப்போதும் போல மழைத்துளி மேலே விழும்வரை கம்போடு நிற்பார்.

கடைசியாக ஒரு முறை எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிடுவது என்று புதுக் கம்பி, புதுப் பவர் சப்ளை சகிதம் ஒரு வேலைநாள் மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன். மச்சான் வேலைக்காட்டில் இருந்தார். அக்கா நெத்திலி சம்பாலும் சோறும் போட்டாள். நான் சாப்பிட்டுக்கொண்டே போனில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மலைக்குப் பின்னால் புள்ளிகள் கொத்தாக முளைத்தன. பெட்டி விழித்திருந்தது, ஆனால் அதை நம்பி மண்டோருக்கு எச்சரிக்கை அனுப்பப் புவான் இன்னும் தொடங்கவில்லை. இன்றைக்கு என் கண் முன்னாலேயே எப்படிச் சாகிறது என்று பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.

எங்கேயோ தூரத்தில் இடி உருண்டது. இருக்கிறதா இல்லையா என்கிற சத்தம்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அர்ஜுனா, அர்ஜுனா" என்று முணுமுணுத்துக்கொண்டே நேராக டிவிப் பக்கம் போய் என் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். பேட்டரி கீக் கீக்கென்று கத்த ஆரம்பித்தது. அதன் பொத்தானை அமுக்கி அதையும் வாயடைத்தாள். பெட்டி மேல் ஒரு குளியல் துண்டைப் போட்டுச் சுற்றிலும் செருகிவிட்டாள். அப்புறம் டிவி, அப்புறம் ஐஸ்பெட்டி, அப்புறம் மெயின் சுவிட்சு. அலமாரிக் கண்ணாடி மேல் புடவையைத் தொங்கவிட்டாள். அடுப்படிக் கத்தியை எடுத்து முற்றத்தில் வீசினாள். கைப்போனை அமர்த்தினாள். பல வருடம் செய்து பழகிய கை, ஒன்றிலும் தடுமாற்றம் இல்லை. நான் வாயில் சோற்றோடு பார்த்துக்கொண்டிருந்தேன். என் போனில் சுங்கை சிப்புட்டின் பச்சைக் குறி சாம்பலாக மாறியது.

"அக்கா, என்ன பண்ற நீ?"

"இடி வருதுலா. காது கேக்கலயா?"

"அதுக்கு அந்தப் பொட்டிய ஏன்க்கா புடுங்குற?"

"நீதானடா பத்திரமா பாத்துக்கன்னு சொன்ன. டிவிக்கு முன்னாடி அதத்தான் மொதல்ல புடுங்குவேன். ஒரு நாளும் மறந்தது இல்ல" என்றாள். குரலில் அவ்வளவு பெருமை.

"இடி வரும்போதுதான்க்கா அது வேல செய்யணும்" என்று கத்தினேன். "அதுக்குப் பொழப்பே அதுதான்."

"இடி வரும்போது எவன்டா வேல செய்வான்? பொட்டியும் செய்யக் கூடாது, ஒன் மச்சானும் செய்யக் கூடாது. நான் சொன்னா யாரு கேக்குறா?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. சிரிப்பும் வந்தது. எங்கள் அம்மாவும் இதைத்தான் செய்தாள், தோட்டத்து லயத்து வரிசையில் எல்லா வீட்டிலும் செய்தார்கள், ஊரெல்லாம் பிளக்கைப் பிடுங்கச் சொல்லி முத்திரை குத்துகிறவனும் நான்தான். ஆனாலும் எனக்கு இது தோன்றவே இல்லை. பெட்டிக்குள் இருக்கும் சாமானையெல்லாம் சந்தேகப்பட்டேன், அக்காவை மட்டும் சந்தேகப்படவில்லை. இடி வந்தால் கரண்டு எங்கே இருக்கும் என்று அவள் அன்றைக்கே உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறாள்.

இன்னும் இரண்டு வார்த்தை கத்தியிருப்பேன். ஆனால் அக்கா அதற்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் பின்வாசலைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வீடு இருட்டாக இருந்தது. வெளியே காற்று எழுந்து செம்பனை மட்டைகள் உரசின. பழைய லய வீட்டில் நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது மின்னல் ஆன்டெனாக் கம்பி வழியாக இறங்கி டிவி வெடித்தது. டிவி இருந்த சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் அக்காதான். பொசுங்கிய முடியை அம்மா வெட்டி எறிந்தாள். அன்றிலிருந்து இந்தப் பயம் அவளுக்கு. அதைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை.

"மச்சான் எப்ப வருவாரு?" என்றேன்.

"மழ விழுந்தாத்தான் மண்டோரு விடுவாரு. மழைக்கு முன்னாடி இடி வந்திருதுல்ல" என்றாள். வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, "அவரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேக்குற வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஓடாது தம்பி. தெனம் மழைக்கு இப்படித்தான் ஒக்காந்திருப்பேன்" என்றாள்.

நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போதுதான் பெட்டி எதற்கு என்று முழுதாகச் சொன்னேன். மின்னல் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும்போதே அது கேட்டுவிடும், மண்டோருக்குச் செய்தி போகும், கம்பைக் கீழே போட்டுவிட்டு மச்சான் வந்துவிடலாம், அதற்குப் பெட்டி விழித்திருக்க வேண்டும் என்றேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவரும் ஒரு வார்த்த சொல்லல, நீயும் சொல்லல. யூனிவர்சிட்டி சாமான்னு மட்டும் சொன்ன. இத மொதல்லயே சொல்லித் தொலைய வேண்டியதுதானே" என்றாள்.

"இப்ப சொல்லிட்டேன்ல. இனிமே புடுங்க மாட்டியே?"

இடி நெருங்கி வந்து வீட்டுக்கு மேலேயே வெடித்தது. அக்கா தோள்களைக் குறுக்கிக்கொண்டாள்.

"மெயின அடைக்காம என்னால இருக்க முடியாது தம்பி. அவருக்காகன்னாலும் முடியாது. அந்த ஒயரு வீட்டுக்குள்ள இருக்குற வரைக்கும் என் கை சும்மா இருக்காது. வேற வழி பாரு" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

மச்சான் சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்ற பிறகுதான் அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

ஈப்போவுக்குத் திரும்பும் வழியெல்லாம் புவானிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். எங்கள் ஆட்களை ஏளனமாக நினைத்துவிடுவாரோ என்று உறுத்தியது. மறுநாள் கடைக்கு வந்தபோது நடந்ததை அப்படியே சொன்னேன். துண்டு போர்த்தியதையும் விடவில்லை. புவான் துடோங் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"எங்க அம்மாவும் கண்ணாடியை மூடுவார், அண்ணே. எங்கள் கிராமத்தில் எல்லா வீட்டிலும் மூடுவார்கள். நான் ஏன் இதை யோசிக்கவில்லை?" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து, மழையில் மக்கர் பண்ணும் மற்ற இரண்டு இடங்களுக்கும் போன் போட்டார். ஓர் இடத்தில் காவல்காரர், இன்னோர் இடத்தில் கடைக்காரரின் மனைவி. இரண்டு பேருமே பெட்டி கெட்டுவிடக் கூடாதே என்ற அக்கறையில்தான் பிடுங்கியிருக்கிறார்கள். நன்றாகப் பார்த்துக்கொள்கிற வீட்டில்தான் பெட்டி தூங்குகிறது என்று புவான் எழுதிக்கொண்டார். இந்தப் பேச்சு எனக்கு நெஞ்சை நிறைத்தது.

வழி பார்ப்பதுதான் என் தொழில். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் மச்சானும் அக்கா வீட்டுக் கோழிக்கூண்டுக்கு அப்பால், வீட்டை விட்டு நன்றாகத் தள்ளி, ஓர் இரும்புக் கம்பத்தை நட்டோம். மேலே சின்ன சோலார் தகடு, நடுவில் மழை புகாத டப்பாவுக்குள் பெட்டியும் பேட்டரியும், இணையத்துக்கு ஒரு சிம் கார்டு. வீட்டுக்குள் ஒரு நூலிழை கூடப் போகவில்லை. அக்கா சுற்றி வந்து பார்த்தாள், எந்த ஒயரும் வாசல் பக்கம் வருகிறதா என்று குனிந்தும் பார்த்தாள்.

"நான் மெயின அடைச்சா இது ஓடுமா?"

"ஓடும்க்கா."

"எத்தன தடவ அடைச்சாலும்?"

"ஒன் இஷ்டம்லா. நாள் பூரா அடைச்சு வையி."

உள்ளே போய்க் குங்குமம் கொண்டுவந்து டப்பா மேல் ஒரு பொட்டு வைத்தாள். மண்டோர் போனுக்கு எச்சரிக்கை போக ஏற்பாடு செய்துவிட்டுப் புவான் பிறகு பார்க்க வந்தபோது அது என்ன சிவப்பு என்று கேட்டார், உத்தரவாதச் சீட்டு என்று சொல்லி வைத்தேன்.

அதன் பிறகு வானம் எங்களைக் காக்க வைத்தது. வாரக்கணக்கில் சொட்டு மழை இல்லை. மின்னலை எதிர்பார்த்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டோகேட் ரிப்பேர்க்காரன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, கோவில் ஆம்பிளிஃபையர் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, பெஞ்சு மேல் இருந்த போனில் புள்ளிகள் தெரிந்தன. மலைக்கு அந்தப் பக்கம்தான். புந்தோங்கில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. புள்ளிகள் கூடின, மலையை நெருங்கின, ஏறின, தாண்டின. சால்டரிங் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டேன். இந்த நேரத்தில்தான் எப்போதும் சாகும். சுங்கை சிப்புட்டின் பச்சைக் குறியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பச்சை பச்சையாகவே இருந்தது. துடைத்து வைத்தது போல இருந்த பள்ளத்தாக்கு முழுக்கப் புள்ளி புள்ளியாக நிறைந்தது. புவானிடமிருந்து செய்தி வந்தது: "அண்ணே, பெட்டி விழித்திருக்கிறது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்." எல்லாரும் என்றால் அவர் மாணவர்கள், மேடான்காரர், இன்னும் யார் யாரோ. எனக்கு அவர்கள் யாருடைய நினைப்பும் இல்லை, மச்சான் நினைப்புத்தான். மச்சானுக்குப் போன் போட்டேன். அமர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அக்காவுக்குப் போட்டேன். அதுவும் அப்படியே. அக்கா போனை அமர்த்துவாள், அது தெரியும். மச்சான் ஏன்? புள்ளிகள் இப்போது சரியாகத் தோட்டத்துக்கு மேலே இருந்தன. இவ்வளவு துல்லியமாகப் பார்க்க வைத்த பெட்டியை அந்த நேரத்தில் நான் வெறுத்தேன். எதுவும் தெரியாமல் ஆம்பிளிஃபையரைப் பிரித்துக்கொண்டு இருந்திருக்கலாமே என்று தோன்றியது. எதிர்க்கடை முஸ்லிம் அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமலே பால் விடாத தே ஓ தேநீர் ஒன்று அனுப்பினார். அது அப்படியே ஆறிப்போனது.

மலைப்பக்கம் வெளுத்த பிறகுதான் போன் அடித்தது. அக்கா.

"ஒன் பொட்டி ஓடிச்சாடா?"

"ஓடிச்சுக்கா. மச்சான் எங்க? போன் ஏன் அடச்சிருக்கு?"

"நான்தான் அடைக்கச் சொன்னேன். வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு இடி நேரத்துல போன் எதுக்கு?" என்றாள். பின்னால் மச்சான் எதற்கோ சிரிக்கும் சத்தம் கேட்டது. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பிறகு அக்கா சொன்னாள்.

"தம்பி, இன்னிக்கு மொதல்ல மோட்டார் சத்தம்டா. அப்புறந்தான் இடிச் சத்தம்."